பல் வேருக்குள் அடைத்த பொருளின் பெயர் நோயாளியின் கையில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேர் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம் அந்தப் பல்லுக்குப் போட்ட கேப் எந்த வகை என்று கேட்டால், பெரும்பாலும் உடனே பதில் வரும். சிர்கோனியாவா, உலோகத்தின் மேல் செராமிக் பூசியதா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதெல்லாம் அச்சிட்ட அட்டையாக அவர் பர்ஸிலேயே இருக்கும். அதே பல்லின் வேருக்குள் எந்தப் பொருளை வைத்து அடைத்தார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சிகிச்சைச் சீட்டிலும் இருக்காது. ரசீதில் ‘ஆர்.சி.டி.’ என்ற மூன்று எழுத்தும் ஒரு தொகையும் மட்டும் இருக்கும். வேர் சிகிச்சையையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட பல் மருத்துவன் என்ற முறையில், இந்த நிலை மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கேப் உடைந்தால் கழற்றிவிட்டு வேறொன்று போடலாம். வேருக்குள் அடைத்த பொருளோ தாடை எலும்பை ஒட்டிய இடத்தில் பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும், இருக்கப்போகிறது. அதன் பெயரை எழுதித் தருவது மருத்துவரின் கடமை. கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

இந்தப் பொருளைப் பற்றிப் பொதுமக்களிடம் விளக்கிச் சொல்வோர் அரிது என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவிலுள்ள கூழ் அழுகிவிட்டால், அதை வேர்நுனி வரை எடுத்துவிட்டு, ஃபைல் எனப்படும் மெல்லிய கருவிகளால் அது இருந்த வேர்க்கால்வாயை அகலப்படுத்தி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, உலர்த்தி, கடைசியில் இடைவெளியில்லாமல் அடைக்கிறோம். அடைப்பின் பெரும்பகுதி கட்டா-பெர்ச்சா என்ற இளஞ்சிவப்பு நிறக் குச்சிகள். மலாய்த் தீவுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இந்தப் பொருளை, சிங்கப்பூரில் பணியாற்றிய மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-இல் லண்டனுக்கு அனுப்பிவைத்தார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பெயர் பெற்ற அது, 1867-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பவ்மன் என்ற பல் மருத்துவர் வழியாக வேர்க்கால்வாய்க்குள் வந்து சேர்ந்தது. இன்று நாங்கள் பயன்படுத்தும் குச்சியில் உண்மையான கட்டா-பெர்ச்சா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உடல் அதை ஏற்றுக்கொள்கிறது, சூட்டில் இளகுகிறது, தேவைப்பட்டால் கரைத்து எடுத்துவிடலாம். ஆனால் பல்லின் சுவரில் அது ஒட்டுவதே இல்லை.

ஒட்டாத அந்தக் குச்சிக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவில் எஞ்சும் இடைவெளியை மூடுவதற்காகவே சீலர் என்ற பசை இருக்கிறது. வீட்டுத் தரையில் டைல்ஸ் பதித்தபின் இணைப்புகளில் பூசும் கலவையைப் போன்றது அது: அளவில் குறைவு, ஆனால் நீர் கசிவதும் கசியாததும் அதைப் பொறுத்தது. வேர்க்கால்வாய் ஒரு சீரான குழாய் அல்ல. சில இடங்களில் நீள்வட்டமாகவும், சில இடங்களில் வெட்டுக்கிளியின் கால் தடிமன்கூட இல்லாத இடுக்காகவும், பக்கவாட்டில் நுண்கிளைகளாகவும் பிரிகிறது. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில், மூன்று வேர்கள் இருந்தாலும் நான்காவதாக ஒரு கால்வாய் ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம். இந்த இடுக்குகளுக்குள் குச்சி போகாது. பசைதான் போக வேண்டும். அது கரைந்தாலோ சுருங்கினாலோ அந்த வழியில் கிருமியும் அதற்கு உணவாகும் திரவமும் புகுந்து, வலியே இல்லாமல் வேர்நுனி எலும்பை அரிக்கத் தொடங்கும். நோயாளிக்கு இது தெரியவரும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கலாம்.

நல்ல சீலருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லூயிஸ் கிராஸ்மன் வகுத்துக் கொடுத்தார். கலக்கும்போது பிசுபிசுப்பு வேண்டும், இறுகும்போது சுருங்கக் கூடாது, திசுநீரில் கரையக் கூடாது, கிருமி வளர இடம் தரக் கூடாது, திசுவைப் புண்ணாக்கக் கூடாது, பல்லைக் கறுக்க வைக்கக் கூடாது, எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும், வேலையை முடிக்கும்வரை இறுகாமல் பொறுத்திருக்க வேண்டும், பின்னால் அகற்ற நேர்ந்தால் ஏதாவது ஒரு கரைப்பானில் கரைய வேண்டும். இவை அனைத்தும் ஒருசேர அமைந்த பொருள் இன்றுவரை வரவில்லை. திசுநீரில் கரையாத பொருள் மறுசிகிச்சையின்போதும் கரைய மறுக்கிறது. கிருமியைக் கொல்லும் வேகம் கூடினால் திசுவையும் கொல்கிறது. ஆகவே எந்தச் சீலரைத் தேர்ந்தாலும் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் தேர்கிறோம். எதை விட்டுக்கொடுத்தோம் என்பது பதிவாக வேண்டாமா என்பதே என் கேள்வி.

இந்தக் குணங்களுக்கு அளவுகோலும் இருக்கிறது. ஐஎஸ்ஓ 6876 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்தினால் பசைப்படலம் 50 மைக்ரானுக்கு மேல் தடிக்கக் கூடாது. இறுகியபின் நீரில் வைத்தால் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் கரையக் கூடாது. எக்ஸ்ரேயில் குறைந்தது 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டின் அளவுக்காவது வெண்மை காட்ட வேண்டும். படலம் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் எளிது. தடித்த பசை குச்சியை வேர்நுனி வரை இறங்கவிடாது. தவிர, பசையின் அளவு கூடக்கூடச் சுருக்கமும் கரைவும் கூடும். அடைப்பில் குச்சியின் பங்கு மிகுந்தும் பசையின் பங்கு குறைந்தும் இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்ததற்கு இதுவே அடிப்படை.

நெடுங்காலம் கோலோச்சியது துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் சேர்ந்த கலவை. யூஜினால் என்பது கிராம்புத் தைலத்தின் முதன்மைச் சத்து. பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொள்ளும் நம் வீட்டுப் பழக்கத்தில் வலியைத் தணிப்பதும் அதுவே. 1931-இல் ரிக்கர்ட் வெளியிட்ட சேர்மானத்தில் வெள்ளித்தூள் இருந்ததால் பற்கள் கறுத்தன. 1958-இல் கிராஸ்மன் வெள்ளி சேராத சேர்மானத்தைத் தந்தார். இன்றும் பல கல்லூரிகளில் மாணவர்களின் கை முதலில் பழகுவது இதில்தான். கண்ணாடிப் பலகையில் பொடியைச் சிறிது சிறிதாக எண்ணெயோடு சேர்த்து ஸ்பாட்டுலாவால் நன்றாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க, ஸ்பாட்டுலாவின் தட்டையான பக்கத்தைப் பசையில் வைத்து மெல்லத் தூக்குவோம். அறுந்துவிடாமல் ஓர் அங்குலம் நூலாக நீள வேண்டும். ஸ்பாட்டுலாவில் எடுத்துத் தொங்கவிட்டால் பத்து நொடியாவது சொட்டாமல் நிற்க வேண்டும். வெப்பமும் ஈரமும் இதை விரைவாக இறுக்கிவிடும் என்பதால், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் புழுக்கம் மிகுந்த நாட்களில் கைவேகம் தேவைப்படும். விலை குறைவு, எடுப்பது எளிது, கிருமியை அடக்கும் ஆற்றலும் உண்டு. ஆனால் ஈரத்தில் மெல்ல மெல்லக் கரைகிறது. கட்டுப்படாமல் எஞ்சிய யூஜினால் திசுவை உறுத்துகிறது. யூஜினால் படிந்த இடத்தில் ரெசின் எனப்படும் பிசின் வகைப் பொருட்கள் சரியாக இறுகுவதில்லை. இந்தக் கடைசிக் குறையைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து வந்தது எபாக்சி என்ற பிசின் வகைச் சீலர். சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடர் 1950-களில் அறிமுகப்படுத்திய ஏஎச் 26 இறுகும் வேளையில் சிறிதளவு ஃபார்மால்டிஹைடை வெளியிட்டது. 1990-களில் வந்த ஏஎச் பிளஸ் அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கிக் கலந்தால் போதும். பயன்படுத்த நான்கு மணி நேரம், உடல் வெப்பத்தில் இறுக எட்டு மணி நேரம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் அவகாசம் மருத்துவருக்குப் பெரிய நிம்மதி. கரைவு மிகக் குறைவு, பல்லின் நுண்குழல்களுக்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்கிறது, கால்சியம் டங்ஸ்டேட்டும் சிர்கோனியம் ஆக்சைடும் இருப்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிறது. புதுச் சீலர் எது வந்தாலும் ஆய்வாளர்கள் அதை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என் சிகிச்சையறையில் இன்றும் பெரும்பாலான பற்களுக்கு நான் நம்பி எடுப்பது எபாக்சியைத்தான். கலந்த புதிதில் திசுவைச் சற்று உறுத்தும், இறுகியபின் அடங்கிவிடும். எலும்பு ஆறுவதற்குத் தானாக எந்த உதவியும் செய்யாது. அதை நான் அதனிடம் எதிர்பார்ப்பதும் இல்லை.

கால்சியம் ஹைட்ராக்சைடு சீலர்கள் திசுவுக்கு இதமானவை, கரைவு கூடுதல். கிளாஸ் அயனோமர் பல்லில் நன்றாக ஒட்டும், திரும்ப எடுப்பது பெரும்பாடு. சிலிகோன் வகைகள் இறுகும்போது சுருங்காமல் மிகச் சிறிதளவு விரிகின்றன, ஆனால் கிருமியை எதிர்ப்பதில் வலிமை குறைந்தவை. இவற்றுக்கு ஆங்காங்கே பயன்பாடு உண்டு.

ரெசிலான் என்ற அடைப்புப் பொருளின் பெயரை இன்றைய இளம் மருத்துவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். 2004 வாக்கில் அது வந்தபோது, கட்டா-பெர்ச்சாவின் காலம் முடிந்தது என்றே மாநாடுகளில் பேசப்பட்டது. குச்சியும் பசையும் பல்லும் ஒரே கட்டியாகப் பிணைந்து கசிவே இல்லாத அடைப்பு கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. குச்சியின் அடிப்படை பாலிகேப்ரோலாக்டோன் என்ற, உயிர்வழிச் சிதைவுக்கு உட்படும் பாலிமர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வேருக்குள்ளேயே சிதைவதும், அப்படி அடைத்த பற்களில் தோல்வி கூடுதலாக இருப்பதும் தெரியவந்து, சந்தையை விட்டே அது மறைந்துபோனது. அன்று அந்தப் பொருளால் அடைக்கப்பட்ட பற்கள் இன்றும் பலர் வாயில் இருக்கின்றன. தம் பல் அந்தக் கணக்கில் சேருமா என்று அவர்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஒரு பொருளில் குறை தெரியவந்தபின் அதைப் பெற்றவர்களைத் தேடிக் கண்காணிக்க வேண்டுமானால், முதலில் அவர்களுக்குக் கொடுத்தது என்ன என்ற பதிவு இருந்தாக வேண்டும்.

இப்போது விளம்பரங்களில் முதலிடம் பயோசெராமிக்குக்கு. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் 1993-இல் முன்வைத்த எம்டிஏ என்ற பொருளின் வழிவந்த குடும்பம் இது. எம்டிஏயின் அடிப்படை, சுத்திகரித்த போர்ட்லண்ட் சிமென்ட்தான். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தார்கள். வேரில் ஓட்டை விழுந்த பல், வேர்நுனி மூடாத சிறுவர்களின் பல், வேர்நுனி அறுவை எனக் கைவிடப்பட வேண்டிய எத்தனையோ பற்களை அது காப்பாற்றியது. என் துறையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்தவற்றுள் அதற்கு நிகரானது வேறொன்று இல்லை என்றே சொல்வேன். அதே கால்சியம் சிலிகேட் வேதியியலை, ஊசிக்குழலில் கலந்தே வரும் மென்பசையாக மாற்றியதுதான் இன்றைய பயோசெராமிக் சீலர். பல்லில் இயல்பாக உள்ள ஈரத்தை உறிஞ்சி இறுகுகிறது. இறுகும்போது காரத்தன்மை மிகுந்திருப்பதால் கிருமியை எதிர்க்கிறது. வெளிவரும் கால்சியம், திசுநீரிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து, எலும்பிலும் பல்லிலும் உள்ளதைப் போன்ற ஹைட்ராக்ஸி அபடைட்டை உண்டாக்குகிறது. வேர்நுனியைத் தாண்டிச் சிறிது கசிந்தாலும் திசு அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது.

இவ்வளவு நற்குணங்களைச் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது விளம்பரமாகிவிடும். இவ்வகைச் சீலர்கள் சிலவற்றின் கரைவு, ஆய்வகச் சோதனைகளில் 3 விழுக்காடு என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. கால்வாயை அளவுக்கு மீறி உலர்த்திவிட்டால் இறுகுவது தாமதமாகும். பிஸ்மத் ஆக்சைடு சேர்ந்தவை ஹைப்போகுளோரைட்டோடு சேரும்போது கறுத்துப்போவதால், முன்பற்களில் அவற்றைத் தவிர்த்து சிர்கோனியம் ஆக்சைடு சேர்ந்தவற்றை எடுக்க வேண்டும். முழுதாக இறுகிவிட்டால், நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கரைப்பான் எதற்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. குச்சி வேர்நுனி வரை போகாமல் பசை மட்டும் போய் இறுகியிருந்தால், மறுசிகிச்சைக்கு வழி திறப்பதே கடினமாகிவிடும்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. இந்தப் பசை நல்லது என்ற நம்பிக்கையில், கால்வாய் நிறையப் பசையை ஏற்றி, ஒரே ஒரு குச்சியைச் செருகிச் சில நிமிடங்களில் வேலையை முடிக்கும் பழக்கம் பரவுகிறது. முறையாகச் சுத்தம் செய்த கால்வாயில் இந்த முறை தவறல்ல. சுத்தம் செய்யும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு பசையை நம்புவதுதான் தவறு. 1965-இல் ககேஹாஷியும் அவருடைய சகாக்களும் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்து வைத்தபோது கூழ் அழுகவில்லை. சாதாரண எலிகளில் அழுகியது. நோய்க்குக் காரணம் கிருமி என்று அன்றே ஐயமின்றி நிலைநாட்டப்பட்டுவிட்டது. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் கட்டி எச்சில் புகாமல் காத்து, ஹைப்போகுளோரைட்டும் இடிடிஏ என்ற கரைசலும் கொண்டு பொறுமையாகக் கழுவாத கால்வாயை எந்தச் சீலராலும் காப்பாற்ற முடியாது. அடைத்தபின் பல்லின் மேற்பகுதியை மூடும் மேல்பூச்சும் (நிரப்பு அல்லது கேப்) முக்கியம்: 1995-இல் ரேயும் ட்ரோப்பும் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து, வேரின் அடைப்பைவிட மேல்பூச்சின் தரமே வேர்நுனி நலத்தோடு கூடுதலாகத் தொடர்புடையது என்று எழுதியபோது எங்கள் துறையில் பெரும் விவாதம் எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் இரண்டும் தேவை என்ற முடிவையே வலுப்படுத்தின. வேர் சிகிச்சை முடிந்ததும் வலி போய்விட்டது என்று கேப் போடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடும் நோயாளிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேறோர் ஊரில் வேர் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்மணி, கீழுதட்டின் வலப்பாதியும் முகவாயும் மரத்துப்போன நிலையில் என்னிடம் வந்தார். தண்ணீர் குடித்தால் உதட்டோரம் ஒழுகுவது அவருக்கே தெரியவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசினார். எக்ஸ்ரேயில் வேர்நுனிக்குக் கீழே, கீழ்த்தாடை நரம்பு ஓடும் பாதையின் மேல், புகை படிந்ததுபோல் வெண்மை பரவியிருந்தது. அடைப்புப் பொருள் நரம்பின் மேல் இறங்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எந்தப் பொருள்? எக்ஸ்ரே அதைச் சொல்லாது. எல்லாச் சீலரும் அதில் வெள்ளைதான். சிகிச்சை நடந்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டபோது, “வழக்கமா போடுற சீலர்தான் சார்” என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. இத்தகைய நிலையில் முதல் இரண்டு நாட்களுக்குள் பொருளை அகற்றினால் நரம்பு மீளும் வாய்ப்பு கூடுதல். காத்திருந்து பார்க்கலாமா, உடனே அறுவை அறைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை முடிவு செய்வதில் பொருளின் இயல்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெண்மணி வந்தபோதே அந்த அவகாசம் கடந்திருந்தது. அவருக்கு உணர்வு ஓரளவுதான் திரும்பியது.

இந்த இடத்தில் பாராஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசைகளைப் பற்றி வெளிப்படையாகவே எழுத விரும்புகிறேன். சுவிட்சர்லாந்தின் ஆஞ்சலோ சர்ஜெண்டி பரப்பிய என்2 என்ற பசையும் அதன் வழிவந்த சேர்மானங்களும், கால்வாயை முழுமையாகச் சுத்தம் செய்யாவிட்டாலும் எஞ்சிய திசுவைப் பதப்படுத்தி வைத்துவிடும் என்ற கருத்தில் பிறந்தவை. சில பசைகளில் வலி தெரியாமலிருக்க ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். பதப்படுத்தும் அந்த வேதிப்பொருள் வேரோடு நிற்பதில்லை. வேர்நுனிக்கு அப்பால் போனால் எலும்பையும் நரம்பையும் கருக்குகிறது, உதட்டு மரப்பு நிரந்தரமாகிவிடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் என்2வுக்கு அனுமதி அளித்ததில்லை. அமெரிக்க வேர் சிகிச்சை வல்லுநர் சங்கம் இத்தகைய பசைகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. ரிசார்சினாலும் ஃபார்மலினும் சேர்ந்த பசை வேறு இருக்கிறது. முன்னாள் சோவியத் நாடுகளில் பெருமளவு பயன்பட்ட அது, நம் நாட்டிலும் பழைய பற்களில் தென்படுகிறது. அடைத்த பல் செங்கல் நிறமாக மாறியிருக்கும். உள்ளே கண்ணாடிபோல் இறுகிய சிவப்புப் பிசின் எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் இளகாது. அதைக் குடைந்து வழி கண்டுபிடிக்கும் முயற்சியில் வேரே உடைந்துபோவதும் உண்டு. பாதுகாப்பான மாற்றுகள் இத்தனை இருக்கும்போது, ஃபார்மால்டிஹைடு சேர்ந்த எந்தப் பசையையும் மனித வேருக்குள் வைக்க இனி எந்த நியாயமும் இல்லை. அவற்றின் விற்பனையை நிறுத்துவது அரசின் வேலை. பெயரை எழுதியாக வேண்டும் என்ற விதி வந்தாலே, அவற்றை எடுக்கும் கைகள் தயங்கும் என்று நம்புகிறேன்.

நரம்பு பாதிப்பு அரிதான விபத்து. அதற்காக மட்டுமே பெயர் கேட்கவில்லை. அன்றாட வேலையிலேயே அது தேவைப்படுகிறது. யூஜினால் கலந்த பசையால் அடைத்த வேரில் வேறொரு மருத்துவர், கேப்பைத் தாங்க ஃபைபர் போஸ்ட் என்ற சிறு தண்டை வைத்து ரெசின் சிமென்டால் ஒட்டினால், முன்சொன்ன காரணத்தால் ஒட்டு பலவீனமாகும். தெரிந்திருந்தால் சுவரை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு ஒட்டுவார். யூஜினாலோ எபாக்சியோ ஒவ்வாத நோயாளிகள் இருக்கிறார்கள். மறுசிகிச்சையின்போது, உள்ளே இருப்பது துத்தநாகக் கலவை என்று தெரிந்தால் கரைப்பானோடு தொடங்கலாம்; பயோசெராமிக் என்று தெரிந்தால் நுண்ணோக்கியும் அல்ட்ராசானிக் கருவியும் உள்ள இடத்துக்கு முதலிலேயே அனுப்பலாம், அல்லது வேர்நுனி அறுவையே சிறந்தது என்று நோயாளியோடு கலந்து முடிவெடுக்கலாம். இங்கே வேர் சிகிச்சை செய்துகொண்டு, கேப்பை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ போட்டுக்கொள்ளும் தொழிலாளர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். அங்குள்ள மருத்துவரின் கையில் ஒரு துண்டுச்சீட்டாவது இருக்க வேண்டும்.

வேறு துறைகளில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. இதய ஸ்டென்ட்களுக்கு 2017 பிப்ரவரியில் விலை உச்சவரம்பு விதித்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. கண்புரை அறுவையில் பொருத்திய லென்ஸின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவைப்பது கண் மருத்துவமனைகளில் வழக்கம். உடலுக்குள் நிலையாக வைக்கும் பொருள் என்ற வகையில், வேருக்குள் இருக்கும் சீலரும் அவற்றைப் போன்றதுதான். அளவில் சிறியது, விலையில் குறைந்தது என்பதற்காக அது கணக்கில் வராமல் போகக் கூடாது.

சக மருத்துவர்கள் சிலரிடம் இதைப் பேசியபோது கேட்ட மறுமொழிகளையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு இதெல்லாம் புரியாது என்றார்கள். ஸ்டென்டின் தொகுதி எண்ணும் நோயாளிக்குப் புரியாததுதான். அது அடுத்த மருத்துவருக்காக எழுதப்படுகிறது. எழுதிக் கொடுத்தால் வழக்கு வரும் என்றார்கள். முறையான பொருளை முறையாகப் பயன்படுத்தியவருக்கு எழுத்தில் உள்ள பதிவைவிட வலுவான பாதுகாப்பு வேறில்லை. கூட்டம் மிகுந்த அரசு மருத்துவமனைகளில் எழுத நேரம் எங்கே என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்காகவே, சீலர் பெட்டியோடு வரும் லேபிளைப் பிய்த்து ஓ.பி. சீட்டில் ஒட்டும் அளவுக்கு வேலையை எளிதாக்க வேண்டும்; ஒரே பெட்டி பல நோயாளிகளுக்குப் பயன்படுவதால், லேபிள்களையும் அதற்கேற்ற எண்ணிக்கையில் தயாரிப்பாளர்கள் தர வேண்டும். அதுவரை ரப்பர் முத்திரை ஒன்று போதும்.

எழுத வேண்டியது மிகக் குறைவு: எந்தப் பல், எத்தனை கால்வாய், ஒவ்வொன்றின் நீளம், சீலரின் வகையும் வணிகப் பெயரும், அதன் தொகுதி எண், காலாவதி மாதம், அடைத்த தேதி. கூடவே, அடைப்பு முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயின் ஒரு பிரதி. இதைச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் புதுக்கோட்டையில் அண்மையில் தொடங்கிய கல்லூரியும் முதலில் நடைமுறைப்படுத்தினால், அங்கே பயின்று வெளியேறும் மாணவர்கள் தம் சொந்தக் கிளினிக்குகளிலும் அதையே தொடர்வார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் விதிமுறைகளை வகுக்கும்போது இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும், அதற்குக் காத்திராமல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை வழியாக இதைத் தொடங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்துகொண்ட வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. முறையாகச் செய்த பற்களில் மிகப் பெரும்பாலானவை நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அடுத்த முறை அந்தக் கிளினிக்குக்குச் செல்லும்போது, தங்கள் பல்லில் பயன்படுத்திய சீலரின் பெயரைச் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவோடு கேளுங்கள். புதிதாகச் சிகிச்சை தொடங்குவோர் முதல் நாளிலேயே கேட்டுவிடலாம். எழுதித் தந்த சீட்டையும் எக்ஸ்ரேயையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கேப்பின் உத்தரவாத அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேர் சிகிச்சைப் பல் மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.